மருந்து டேங்க் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றலாமா? பழைய சார்ஜரே போதுமா?

11.11.2023 (கேள்வி)

அப்பா மிளகாய்க்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி டேங்க் ஒன்று இருக்கிறது. உள்ளே 12 வோல்ட் 8 ஆம்பியர் ஈய பேட்டரி. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, இப்போது நான்கு டேங்குக்கு மேல் இழுக்கவில்லை. என்னிடம் பழைய லேப்டாப் பேட்டரி மூன்றை உடைத்து எடுத்த 18650 செல்கள் (உருளை வடிவ லித்தியம் செல்கள்) பதினாறு இருக்கின்றன. மூன்று சீரிஸ், நான்கு பாரலல் என்று பன்னிரண்டு செல்லில் ஒரு பேக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, டேங்கோடு வந்த சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாமா? பி.எம்.எஸ். போர்டு (அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் வெட்டிச் செல்களைக் காக்கும் போர்டு) வைத்துவிடுவேன். வீடியோவில் ஒருவர் இதையேதான் செய்கிறார், ஓடுகிறது. ஊர் ராமநாதபுரம் பக்கம்.

12.11.2023, காலை

தீபாவளி அன்று காலையில் இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன். வெளியே சரவெடி. நீங்கள் சொல்வதைச் செய்தால் வீட்டுக்குள்ளும் ஒன்று வெடிக்க வாய்ப்பு உண்டு தம்பி.

செல் பழசு என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். சிக்கல் சார்ஜரில். 18650 செல் ஒன்று முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். மூன்று சீரிஸ் என்றால் 12.6. டேங்கோடு வரும் சார்ஜர் ஈய பேட்டரிக்காகச் செய்தது, 14.4-க்கு மேல்தான் போகும். என்னுடையது 14.7 காட்டுகிறது. மூன்றால் வகுத்துப் பாருங்கள், செல்லுக்கு 4.9 வோல்ட். 4.2-க்கு மேல் ஏற்றக் கூடாத செல்லை 4.9 வரை தள்ளப் பார்க்கிறது சார்ஜர்.

வீடியோக்காரருக்கு ஓடுகிறது என்றால், அவருடைய பி.எம்.எஸ். தினமும் 4.25, 4.3-க்குப் பக்கத்தில் வெட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். கடையில் எல்.எஃப்.பி. என்றால் தெரியும். 32 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம், 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி செல். நான்கு சீரிஸ் போட்டால் 12.8 வோல்ட், முழுதாக நிரம்பும்போது 14.6. ஈய பேட்டரியின் வோல்ட்டும் ஏறக்குறைய அதேதான். பழைய சார்ஜரும் ஒத்துவரும்.

12.11.2023, மதியம்

"பி.எம்.எஸ்.தான் வெட்டுகிறதே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் பழைய வீட்டில் மோட்டாருக்கு சுவிட்ச் கெட்டுப்போய், தாத்தா ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித்தான் மோட்டாரை நிறுத்துவார். நான்கு வருஷம் அப்படியே ஓடியது. ஒருநாள் கட்டை பிடுங்க வரவில்லை, உருகி ஒட்டிக்கொண்டது. பி.எம்.எஸ். அந்த ஃபியூஸ் கட்டை மாதிரி. வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக வேலை செய்ய வேண்டியது அது. தினமும் அதை வைத்தே சார்ஜை நிறுத்தினால், என்றைக்கு அதன் மாஸ்ஃபெட் (கரண்டை வெட்டும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட் ஆகிறதோ அன்றைக்குக் கேட்க ஆள் இருக்காது.

13.11.2023

சொல்லும்போது பெரிய வாத்தியார் மாதிரி இருக்கிறது. நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில் மோட்டார் ரீவைண்டிங் கடையைத் திறக்க முடியவில்லை. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, கரண்ட் போனால் வைஃபை போய்விடும். லேப்டாப் செல்களை வைத்து ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் பேக் கட்டினேன். சார்ஜர் சரி, 12.6 வோல்ட்டுடையது. பி.எம்.எஸ். சரி. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை சரி. ஐந்து மாதம் நன்றாக ஓடியது.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்காரம்மா, "இந்நேரத்துக்கு யார் நெயில்பாலிஷ் போடுறது?" என்றாள். எனக்கும் வாசம் வந்தது. இனிப்பாக, பழம் அழுகின மாதிரி, கொஞ்சம் தின்னர் கலந்த மாதிரி. அலமாரிக்கு மேலே இருந்த பேக் கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. கரித்துணியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்வாசலில் துவைக்கும் தொட்டித் தண்ணீருக்குள் போட்டேன். புஸ்ஸென்று கொஞ்ச நேரம் குமிழி விட்டது, அவ்வளவுதான். தீ பிடிக்கவில்லை.

மறுநாள் அறுத்துப் பார்த்தேன். 18650 செல்லில் பாசிட்டிவ் மேலே நடுவில் இருக்கும் சின்னப் பொத்தான் மட்டும்தான். அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு, உடம்பு, அடி எல்லாமே நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒன்றுதான் காவல். நிக்கல் பட்டை அந்த விளிம்பின் மேல் படுத்துக்கொண்டு, மின்விசிறி அதிர்விலும் சூட்டிலும் உறையைத் தேய்த்து ஓட்டை போட்டுவிட்டது. பாசிட்டிவ் பக்கம் ஒட்ட வேண்டிய அட்டை வளையத்தை நான் ஒட்டவில்லை. நூறு வளையம் ஒரு அட்டையாகக் கிடைக்கும். விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு டீ, ஒரு வடைக்குள் அடங்கும்.

இதில் பி.எம்.எஸ். என்ன செய்தது? ஒன்றும் செய்ய முடியாது. ஷார்ட் ஆனது செல்லின் தலையிலேயே, பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி கரண்ட் போகவே இல்லை.

15.11.2023

திருத்தம். 12-ஆம் தேதி "பழைய சார்ஜரும் ஒத்துவரும்" என்று எழுதினேனே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னை நண்பர் ஒருவர் "எல்லா ஸ்ப்ரேயர் சார்ஜரும் 14.7-ல் நிற்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயம். கடைக்கு ரிப்பேருக்கு வந்து கிடந்த மூன்று சார்ஜர்களை லோடு இல்லாமல் மல்டிமீட்டரில் பிடித்தேன். ஒன்று 14.6. ஒன்று 14.9. மூன்றாவது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் நான்கு டயோடும் மட்டும் வைத்தது, 17-ஐத் தாண்டியது. ஈய பேட்டரி நிரம்பின பிறகும் தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு சகித்துக்கொள்ளும். ஒன்றரை வருஷத்தில் உங்கள் அப்பாவின் பேட்டரி செத்ததற்கே அப்படி ஒரு சார்ஜர் காரணமாக இருக்கலாம்.

ஆக, 14.6 வோல்ட் எல்.எஃப்.பி. சார்ஜர் தனியாக வாங்குங்கள். பழையது உண்மையிலேயே 14.6-ல் நின்றாலும், "டீசல்ஃபேஷன்" என்று, ஈயத் தகட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கப் பல்ஸ் அடிக்கும் வகையாக இருந்தால் வேண்டாம்.

15.11.2023, இரவு

8 ஆம்பியரை எடுத்துவிட்டு 6 வைத்தால் குறையாதா என்று கேள்வி. முதலில், 8 ஆம்பியர் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம், அது ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியின் அந்த 8, இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால், அதாவது 0.4 ஆம்பியரில் எடுத்தால் கிடைப்பது. டேங்க் பம்ப் இரண்டு, இரண்டரை ஆம்பியர் இழுக்கும். அந்த வேகத்தில் புதுசிலேயே ஐந்தோ ஐந்தரையோதான் தரும். எல்.எஃப்.பி. செல்லில் 6 என்றால் இந்த லோடில் ஏறக்குறைய 6-தான்.

எடை மிச்சம் தனி. ஈயம் இரண்டரை கிலோவுக்குப் பக்கம். நான்கு எல்.எஃப்.பி. செல் சேர்ந்து அறுநூறு கிராமுக்குள். முதுகில் தூக்குகிறவருக்குத்தான் அது தெரியும்.

19.11.2023

சரி, அந்தப் பதினாறு லேப்டாப் செல்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. டார்ச்சுக்கோ ரவுட்டருக்கோ ஆகும், ஆனால் பொறுமை வேண்டும்.

பேக்கை உடைத்ததும் வோல்டேஜ் பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த செல் என்றால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். அந்த நிலையில் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் செய்யும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ஷார்ட் ஆகும். சார்ஜ் ஏறும், நன்றாக இருப்பது போலத்தான் காட்டும். அதுதான் பயம்.

மீதியை 4.2 வரை ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதியும் வோல்டேஜும் எழுதி, ஒரு மண்சட்டியில் போட்டு இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். திரும்ப அளக்கும்போது 4.1-க்குக் கீழே இறங்கியவை பேக்கில் சேர லாயக்கில்லை. சார்ஜ் ஏறும்போது கைக்குச் சூடு தெரிகிறவையும் அப்படித்தான். கொள்ளளவைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன்.

புதுசு வாங்குவதாக இருந்தால்: 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சடித்த 18650 செல் தெருவில் கிடைக்கும். நல்ல பெயருள்ள கம்பெனிகளின் செல்லே 2500-லிருந்து 3500 வரைதான். சமையலறைத் தராசில் வையுங்கள். ஒழுங்கான செல் 45 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருமுறை எனக்கு வந்தது 31 கிராம். உறை கிழித்துப் பார்க்கக்கூட மனசு வரவில்லை.

24.11.2023

நிக்கல் பட்டைக்கு வந்தோம். இரும்பில் நிக்கல் முலாம் பூசினதையும் "சுத்த நிக்கல்" என்றே விற்கிறார்கள். காந்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஒரு துண்டை அரத்தால் கீறி, உப்புத் தண்ணீரில் ஒருநாள் ராத்திரி போடுங்கள். காலையில் கீறலில் துரு இருந்தால் அது இரும்பு. இரும்புக்கு மின்தடை கூடுதல், சூடாகும். உங்கள் ராமநாதபுரத்துக் கடற்காற்றுக்கு வேறு சொல்லவே வேண்டாம்.

வெல்டிங் இயந்திரம் இல்லை, ஈயம் வைத்து ஒட்டலாமா? 18650-ல் வேண்டாம். அடிப்பக்கத்தில் சால்டரிங் இரும்பை வைத்து நீங்கள் ஈயம் உருகும் வரை தேய்க்கும் நேரத்தில் உள்ளே பிளாஸ்டிக் படலம் சுருங்கும். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை அறுத்து ஸ்பாட் வெல்டர் செய்வதைப் பற்றியும் கேட்டீர்கள். நான் காயில் கட்டிப் பிழைக்கிறவன், டிரான்ஸ்ஃபார்மர்தான் என் சோறு. நானே சொல்கிறேன், அதன் செகண்டரி சுற்று இரண்டாயிரம் வோல்ட் தரும், பழக்கமில்லாதவர்கள் கையே வைக்காதீர்கள். எல்.எஃப்.பி. செல் போல்ட் வைத்தே கிடைக்கிறது. நட்டு போட்டு முறுக்கினால் முடிந்தது. ரொம்ப முறுக்கினால் போல்ட் அடியோடு திருகிக்கொண்டு வரும், ஒரு செல்லை அப்படித்தான் இழந்தேன்.

இன்னொன்று. "செல்லை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வருமா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டார். சிரிக்காதீர்கள், எங்கள் அப்பா டார்ச்லைட் செல்லை மொட்டைமாடியில் வடகத்தோடு காயவைப்பார். ரேடியோவில் ஒரு நாடகம் கேட்கிற அளவுக்கு உயிர் வரத்தான் செய்யும். அது துத்தநாகச் செல், சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும். லித்தியத்தை வெயிலில் வைத்தால் ஆயுசுதான் குறையும். அதுவும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வெயிலில் வைப்பது இரட்டைக் கேடு.

என் ஊர் காரைக்குடி என்றதும் "சிக்ரியில் வேலையா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. நான் அதன் மதில் ஓரமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன். அந்த ஒன்றுதான் எனக்கும் மின்வேதியியலுக்கும் உள்ள தொடர்பு.

02.12.2023

கேள்வி கேட்ட தம்பி நான்கு எல்.எஃப்.பி. செல் வாங்கிவிட்டார். நல்லது. ஆர்வத்தில் ஒரு செல்லைப் பவர்பேங்க் சார்ஜிங் போர்டில் போட்டு "முழுசாக" ஏற்றியும் விட்டார். சிவப்பு விளக்கு நீலமாகும் வரை. அந்தப் போர்டு 4.2 வோல்ட்டில்தான் நிற்கும்! எல்.எஃப்.பி.க்கு மேல் எல்லை 3.65.

ஒருமுறை போனதால் வெடிக்கப் போவதில்லை. 18650-ஐ இதே அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எல்.எஃப்.பி.யின் நல்ல குணம் அது. ஆனால் நல்ல குணத்தைத் தினமும் சோதிக்கக் கூடாது. அந்தச் செல்லில் சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி வையுங்கள்.

10.12.2023

"பேக் கட்டிவிட்டேன், செல்கள் சேர்த்து 13.2 வோல்ட், ஆனால் பி.எம்.எஸ். வெளிப்பக்கம் பூஜ்யம். போர்டு டூப்ளிகேட்டா?"

அனேகமாக இல்லை. நிறைய போர்டுகள் முதல்முறை கட்டும்போது பூட்டிக்கொண்டுதான் இருக்கும். சார்ஜரை ஒரு நொடி தொட்டால் விழித்துக்கொள்ளும். என் முதல் போர்டை இது தெரியாமல் குப்பையில் போட்டேன், இரண்டாவதும் அதேபோல் "டூப்ளிகேட்" ஆனபோதுதான் யோசித்தேன்.

செல்களின் வோல்ட்டைச் சமன் செய்யும் மெல்லிய ஒயர்களின் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். கறுப்பில் தொடங்கி ஒவ்வொரு ஒயருக்கும் மீட்டரில் 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏற வேண்டும். பிளக்கைப் போர்டில் செருகும் முன்பே இதைப் பார்ப்பது நல்லது. ஒயர் மாறியிருந்தால் செருகின நொடியில் புகை வரும். அப்போது அது உண்மையிலேயே கெட்ட போர்டு.

11.12.2023

விழித்துக்கொண்டதாம். ஆனால் சார்ஜர் போட்டால் பத்தே நிமிஷத்தில் பச்சை விளக்கு, பம்ப் ஓட்டினால் ஏழு டேங்கில் நின்றுவிடுகிறது என்கிறார்.

சிவப்புப் புள்ளி வைத்த செல்! அது முழுசாக நிரம்பியிருக்கிறது, மற்ற மூன்றும் கடையிலிருந்து வந்தபடி பாதியில் இருக்கின்றன. சீரிஸில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான். நிரம்பின செல் மூச்சு முட்டினதும் பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிடும், மற்ற மூன்றும் பாதி வயிற்றோடு நிற்கும். நான் 2-ஆம் தேதியே இதை யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். மார்க்கர் வைக்கச் சொல்லிவிட்டு ஏன் என்று சொல்லவில்லை.

போர்டே சமன் செய்யும் என்று இருந்துவிடாதீர்கள். சின்ன போர்டுகள் உச்சியில் மட்டும், 50, 60 மில்லி ஆம்பியர் அளவில்தான் கசியவிடும். மூன்று ஆம்பியர்-மணி வித்தியாசத்தை அதில் கரைக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

வழி: நட்டுகளைக் கழற்றுங்கள். நான்கையும் பாரலலாக, பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் எல்லாம் ஒன்றாகக் கட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மொபைல் சர்வீஸ் கடைக்குப் போங்கள். அங்கே டி.சி. பவர் சப்ளை கட்டாயம் இருக்கும். செல்லை இணைக்கும் முன்பே 3.65-ல் வைக்கச் சொல்லுங்கள், இணைத்த பிறகு குமிழைத் தொடாதீர்கள். கரண்ட் தானாகக் குறைந்து பூஜ்யத்துக்குப் பக்கம் வரும்வரை விடுங்கள். அரை நாள் ஆகலாம். கடைக்காரருக்கு ஒரு டீ.

22.12.2023

மொபைல் கடைக்காரர் டீ குடிக்க மாட்டாராம், சர்பத் வாங்கிக்கொண்டாராம். நான்கு செல்லும் உச்சியில் ஒரே கோட்டில் வந்துவிட்டன. திரும்பக் கட்டியாயிற்று.

அதற்குள் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டின மழையில் செடியெல்லாம் தலைசாய்ந்துவிட்டது, மருந்தடிக்க இன்னும் பத்து நாளாகும் என்கிறார். இந்த இடைவெளியில் ஒரு வேலை: டேங்க் அடியில் பேட்டரி இருக்கும் அறைக்குள் மருந்துத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். ஈய பேட்டரி மூடின டப்பா, தாங்கும். நம் பேக்கில் போர்டு திறந்து கிடக்கிறது. அதற்கு மேல் சுருங்கும் பி.வி.சி. உறை, ஒயர் வெளிவரும் பக்கம் கீழே பார்த்தபடி. ஃபியூஸ் ஒன்று பாசிட்டிவ் ஒயரில், பேக்குக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். பத்து ஆம்பியர் போதும்.

எங்கே சார்ஜ் போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி, படுக்கும் அறையில், வாசல் ஓரத்தில் வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். புகை வந்தால் வெளியே ஓட வழி மறிக்காத இடம் வேண்டும். மாட்டுக்கொட்டகை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைக்கோல் இருக்கிறதே அய்யா!

06.01.2024

முதல் நாள் பதினான்கு டேங்க். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் "எடை குறைஞ்சதுல டேங்க் முதுகுல ஆடுது" என்றாராம். அறையில் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஒரு தெர்மோகோல் துண்டு செருகியிருக்கிறார்கள்.

இரண்டாவது நாள், வயலின் அந்தக் கோடியில், டேங்கில் பாதி மருந்தோடு பட்டென்று நின்றுவிட்டது. முன்னறிவிப்பே இல்லை. டேங்கில் இருக்கும் வோல்ட் மீட்டர் அதற்கு ஐந்து நிமிஷம் முன்புவரை பன்னிரண்டரைக்கு மேல்தான் காட்டியது. "பேக் கெட்டுப்போச்சா?"

இல்லை. முதல்நாள் ராத்திரி கரண்ட் இல்லை, சார்ஜ் பாதிதான் ஏறியிருக்கிறது. மீட்டரைப் பார்த்து நம்பிவிட்டார்கள். ஈய பேட்டரி கிழவர் மாதிரி, தளர்ந்து தளர்ந்து சொல்லிக்கொண்டே நிற்கும், பம்ப் சத்தமே காட்டிக்கொடுக்கும். எல்.எஃப்.பி. எண்பது சதவீதத்திலும் முப்பது சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் இருக்கும். கடைசியில் ஒரே சரிவு, பி.எம்.எஸ். வெட்டிவிடும். அந்த மீட்டர் இனி அலங்காரத்துக்குத்தான். டேங்கை எண்ணுங்கள். பன்னிரண்டு ஆனதும் கரைக்கு வந்துவிடுங்கள்.

17.01.2024

பொங்கலுக்கு வந்த மச்சான் ஒரு கார்ட்லெஸ் டிரில்லோடு வந்தார். ஒன்றில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் என்றும் இருக்கிறதே, எது சக்தி அதிகம் என்று சண்டை. இரண்டுமே ஐந்து செல் சீரிஸ். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 18, நிரம்பின செல்லின் வோல்ட்டால் பெருக்கினால் 21, அதை இருபது என்று அச்சடித்துவிட்டார்கள். இருபது என்று போட்டதுதான் சக்தி அதிகம் என்று மச்சான் இன்னும் நம்புகிறார். கரும்பு தீர்ந்ததுதான் மிச்சம்.

அந்த டிரில் பேக்கில் ஐந்தில் ஒரு செல் 0.9 வோல்ட். ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்றார். மாற்றிக் காட்டியிருக்கிறேன், வேறு ஒருவருக்கு, மூன்று மாதம் ஓடியது. புது செல் 2500 தரும், பழையவை 1600. அடுத்த சோப்ளாங்கி செல் அதன் முறை வந்ததும் படுத்துவிடும். ஐந்தையும் மாற்றினால்தான் கூலி வாங்க மனசு ஒப்பும்.

லேப்டாப் பேட்டரிக்குள் புது செல் வைப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு: பெரும்பாலும் வீண்வேலை. உள்ளே இருக்கும் சிப் தன் கணக்கை நினைவில் வைத்திருக்கும். கெட்டது என்று ஒருமுறை குறித்துக்கொண்டால், தங்கத்தில் செல் வைத்தாலும் திறக்காது.

11.02.2024

மறுபடி படித்துப் பார்த்தால், முதல் நாள் நான் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்திவிட்டேன் என்று படுகிறது. மூன்று சீரிஸ் 18650 பேக்கே கூடாது என்று இல்லை. நான்கு பாரலல் இருந்தால் இரண்டரை ஆம்பியர் அந்தச் செல்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. 12.6 வோல்ட் சார்ஜரும், டேங்கின் பழைய சார்ஜிங் ஓட்டையை அடைத்துவிட்டு வேறு அளவு சார்ஜர் முனையும் வைத்தால் வேலை செய்யும். கடைசிச் சில டேங்குக்கு வோல்ட் பத்துக்குப் பக்கம் இறங்கும்போது தெளிப்பு சுணங்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. டேங்க் நம் கையிலேயே இருக்காது. பக்கத்து வயல்காரர் இரவல் வாங்கிப் போவார், அவர் வீட்டுச் சார்ஜரைக் குத்துவார். முனை உள்ளே போனால் எல்லாச் சார்ஜரும் ஒன்றுதான் கிராமத்தில். இரவல் போகும் பொருளுக்கு எல்.எஃப்.பி. இரவல் போகாத ரவுட்டருக்கு 18650, வளையம் ஒட்டி. இப்போதைக்கு என் கணக்கு இது.

24.03.2024

மிளகாய் பறிப்பு தொடங்கிவிட்டதாம், டேங்குக்கு ஓய்வு. ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டார். பதினாறு லேப்டாப் செல்களில் தேறாத ஒன்பதை நீட்டினால் "இது என்னத்துக்கு, நீங்களே வச்சுக்குங்க" என்றாராம். 2022-லிருந்து எல்லா வகை பேட்டரியையும் செய்தவர்களே திரும்ப எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. முனைகளில் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல், மண் போட்ட தகர டின்னில் வைத்திருங்கள். மதுரை, சென்னை பக்கம் போகிறவர் யாராவது மின்கழிவு எடுக்கும் இடத்தில் சேர்க்கும்வரை. என் கடைப் பின்னாலும் இப்படி ஒரு டின் இருக்கிறது, 2020 தொட்டிச் செல்கள் உட்பட.

பேக்கைக் கோடைக்கு முழுசாக ஏற்றி வைக்க வேண்டாம், ஐந்தாறு டேங்க் தண்ணீரை வெறுமனே தெளித்துப் பாதியில் வையுங்கள் என்று சொன்னேன். மாமரத்துக்கு ஊற்றிவிட்டார்களாம்.

அதற்கு முன் சார்ஜ் முடியும் நேரத்தில் அளந்த கணக்கை அனுப்பியிருக்கிறார்: 3.58, 3.51, 3.57, 3.57. இரண்டாவதுதான் சிவப்புப் புள்ளி. நான் எதிர்பார்த்தது அது முந்திக்கொண்டு நிற்கும் என்று. பிந்துகிறது. தானாகக் கொஞ்சம் கசிகிறதோ என்னவோ. ஜூன் மாதம் எடுக்கும்போது அதை மட்டும் முதலில் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.